குழிச்சூளை: வாய் கறுப்பாகவும் வயிறு சிவப்பாகவும் வர வேண்டும், எனக்குத் தலைகீழாக வருகிறது

குழிமண் (காவேரிப்பட்டணம்) – தொடக்கப் பதிவு

வணக்கம். சக்கரத்தில் உட்கார ஆரம்பித்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. குலத்தொழில் இல்லை. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். மண் எங்கள் ஏரி வண்டல்தான், நான்கில் ஒரு பங்கு ஆற்று மணல் சேர்க்கிறேன்.

பர்கூர் பக்கம் ஒரு கல்வட்டத்தின் (பழங்காலக் கல்லறையைச் சுற்றி நட்ட கற்கள்) அருகே, உழுத நிலத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓடு கிடந்தது. உள்பக்கம் முழுக்கக் கறுப்பு. வெளியே விளிம்பிலிருந்து இரண்டு விரல் அளவுக்குக் கறுப்பு, அதற்குக் கீழே நல்ல சிவப்பு. இரண்டும் சந்திக்கும் இடம் கோடு போட்டது போல இல்லை. ஈரத் துணியில் மை ஊறியது போல இருந்தது. மேலே கூழாங்கல் தேய்த்த பளபளப்பு அப்படியே இருந்தது. பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டேன். ஆனால் அன்று முதல் வேறு எதையும் செய்யப் பிடிக்கவில்லை.

நான் செய்தது இது. நான்கு அடி நீளம், மூன்று அடி அகலம், இரண்டடி ஆழத்தில் குழி. அடியில் அரை அடிக்கு மரத்தூள். ஏற்கெனவே ஒரு முறை சூளையில் சுட்ட எட்டுப் பானைகளை அதன் மேல் நிமிர்த்தி வைத்தேன். வாய் கீழே இருந்தால் விளிம்பு உடையும் என்று பயம். இடையில் வேர்க்கடலைத் தோல், கேழ்வரகுத் தாள், மேலே வேலிக்காத்தான் விறகு. நெருப்பு அடங்கியதும் தகரம் போட்டு மூடினேன். மறுநாள் காலை திறந்தால் எட்டுக்கும் அடிப்பக்கம் கறுப்பு, வாய்ப்பக்கம் வெளிறிய சாம்பல் நிறம். இரண்டு பானைகளில் கறுப்பு வந்து பிறகு போனது போலத் திட்டுத் திட்டாக வெள்ளை.

எங்கே தவறுகிறேன்?

கரியடுப்பு (ஓசூர்)

தகரத்தைச் சுற்றி மண் போட்டு அடைத்தீர்களா, சும்மா மேலே வைத்தீர்களா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

குழிமண்

செங்கல் வைத்தேன் அக்கா, நான்கு மூலையிலும். இரவு காற்று அடித்தது. ஒரு பக்கம் தூக்கியிருந்தது.

கரியடுப்பு

அந்த வெள்ளைத் திட்டுகளுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும். நான் குழி தோண்டுவதே இல்லை, எண்ணெய் டிரம்மில் மரத்தூள் மட்டும்.

சந்தைவழி (அரூர்)

தம்பி, கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் குயவர் வீட்டில் பிறந்தவன். இப்போது பஸ் ஓட்டுகிறேன். எங்கள் அப்பா சூளை பிரிக்கும்போது புகை அடித்த பானையைத் தனியாக ஒதுக்கி வைப்பார். சந்தையில் பெண்கள் பானையைக் கையில் தூக்கி, விரல் முட்டியால் தட்டி, ஓசை கேட்டு, சுற்றித் திருப்பி நிறம் பார்த்துத்தான் வாங்குவார்கள். ஒரு பக்கம் கறுத்திருந்தால் வேகவில்லை என்று நினைப்பார்கள். பாதி விலை. சில நேரம் அதுவும் இல்லை, கோழிக்குத் தண்ணீர் வைக்க யாராவது கேட்டால் சும்மா கொடுத்துவிடுவார்.

அதே பானையை இன்று பெங்களூரில் பீடத்தின் மேல் வைத்து ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். விற்கட்டும். ஆனால் எங்கள் வீட்டில் கழித்துப் போட்ட ஒன்றைக் கலை என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் சிரிப்பு வருகிறது, அப்புறம் வேறு ஏதோ வருகிறது.

குழிமண்

அண்ணா, நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் நான் பார்த்த ஓட்டில் இருந்தது தவறிப்போன புகை இல்லை. விளிம்பைச் சுற்றி ஒரே அளவு. தவறு இவ்வளவு ஒழுங்காக வராது.

சந்தைவழி

அது உண்மைதான். படம் இருந்தால் போடுங்கள்.

ஓட்டுச்சில்லு (கிருஷ்ணகிரி)

நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவன், பானை செய்யத் தெரியாது. நெருப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உங்கள் மண்ணில் இரும்பு இருக்கிறது. காற்று தாராளமாகக் கிடைத்தால் அது சிவப்பு ஆக்சைடாகிறது, செங்கல் நிறம். காற்று இல்லாமல், கரியும் கரியமில வாயுவின் தம்பியான கார்பன் மோனாக்சைடும் சூழ்ந்திருந்தால், அந்த ஆக்சைடிலிருந்து ஆக்சிஜன் பிடுங்கப்படுகிறது, கறுப்பு ஆக்சைடாகிறது. கூடவே புகையிலிருக்கும் நுண்ணிய கரி, மண்ணின் துளைகளுக்குள் போய் உட்காருகிறது. குழியில் பெரும்பங்கு வேலை இந்தக் கரியுடையது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இரண்டுமே திரும்பக்கூடியவை. கறுத்த ஓட்டை மறுபடி காற்றோட்டமான நெருப்பில் காய்ச்சிப் பாருங்கள், கரி எரிந்து சிவப்பு திரும்பும். உங்கள் தகரம் தூக்கிய பக்கம் இரவில் நடந்தது இதுதான். பானை இன்னும் நல்ல சூட்டில் இருக்கும்போது காற்று புகுந்து, பிடித்த கரியை எரித்துவிட்டது. கறுப்பை உண்டாக்குவது முதல் பாதி வேலை. ஆறும் வரை அதற்குக் காற்றுக் காட்டாமல் இருப்பது மறு பாதி.

அப்புறம் நீங்களே விடை எழுதியிருக்கிறீர்கள்: நிமிர்த்தி வைத்தேன் என்று. மரத்தூளில் புதைந்த பக்கம் கறுக்கும். உங்களுக்கு அடி புதைந்தது, அடி கறுத்தது. அந்தப் பழைய ஓடு வாயைக் கீழே வைத்துச் சுட்டது. பானையைக் கவிழ்த்தால் உள்ளே காற்று போக வழியில்லை, உள்ளே முழுக்கக் கறுப்பு. விளிம்பு எவ்வளவு புதைந்திருந்ததோ அவ்வளவு கறுப்பு. மேலே திறந்த வயிறு சிவப்பு.

குழிமண்

தலையில் அடித்துக்கொள்கிறேன் சார். தலைப்பிலேயே தலைகீழ் என்று எழுதியிருக்கிறேன் பாருங்கள்.

நடுகல் (தர்மபுரி)

கறுப்பு–சிவப்பு மட்பாண்டம் என்றே ஆய்வாளர்கள் அழைக்கிறார்கள். தென்னிந்தியப் பெருங்கற்காலக் கல்லறைகளில் திரும்பத் திரும்பக் கிடைப்பது. நம் பக்கத்துக்கு இதில் ஒரு தனிப் பெருமையும் உண்டு. பர்கூர் அருகே மயிலாடும்பாறை அகழாய்வில் இரும்புக்குக் கிடைத்த காலம் பொது ஆண்டுக்கு முன் 2172 என்று 2022 மே மாதம் சட்டப்பேரவையில் அறிவித்தார்கள். எல்லோரும் இரும்பைப் பற்றியே பேசினார்கள். அதே அறிவிப்பில் இன்னொன்றும் இருந்தது: இந்தக் கறுப்பு–சிவப்புப் பானை இரும்புக் காலத்தோடு வந்ததல்ல, புதிய கற்காலத்தின் கடைசிக் கட்டத்திலேயே வந்துவிட்டது என்று. அதாவது குழிமண் இப்போது திணறிக்கொண்டிருக்கும் வேலையை நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஒருவர் முடித்து வைத்துவிட்டார்.

ஒரே சூட்டில் செய்தார்களா, முதலில் சிவப்பாகச் சுட்டுப் பிறகு வாயை மட்டும் புகையில் வைத்தார்களா என்பதில் அறிஞர்களுக்குள் பழைய சண்டை உண்டு. குழிமண் செய்வது இரண்டாவது வகை.

சங்கப் பாட்டு ஒன்றில், இருள் திரண்டது போன்ற சூளைப் புகை வானத்தில் போய் ஊன்றி நிற்கிறது. குயவரை அழைத்துப் பாடும் பாட்டு. புகையைப் பார்த்தவன்தான் அப்படி எழுத முடியும்.

வாழைத்தார் (பாலக்கோடு)

இடையில் ஒரு கேள்வி. வெளிநாட்டுக் காணொளிகளில் இளஞ்சிவப்பு, பச்சை எல்லாம் வருகிறதே? மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) தூவலாமா? தோட்டத்தில் பூஞ்சை நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவைக்கு வாங்கியது வீட்டில் ஒரு பை இருக்கிறது.

ஓட்டுச்சில்லு

வரும். செம்புச் சேர்மங்கள் இளஞ்சிவப்பும் மெரூனும் தரும், காற்று கொஞ்சம் கூடினால் பச்சை. ஆனால் அந்தப் புகையை மூச்சில் இழுக்கக் கூடாது. எஞ்சிய சாம்பலை வயலிலோ கிணற்று ஓரத்திலோ கொட்டக் கூடாது. மயில்துத்தம் சூட்டில் சிதைந்து கந்தகப் புகை விடும். வீட்டுக்குப் பக்கத்தில், குழந்தைகள் இருக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

கரியடுப்பு

அதற்கு முன் உப்பில் தொடங்குங்கள். சணல் கயிற்றைக் கெட்டியான உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்துப் பானையைச் சுற்றிக் கட்டினால், கயிறு இருந்த இடத்தில் ஆரஞ்சும் மஞ்சளுமாக ஒரு தழும்பு விழும். வாழைப்பழத் தோல் காய்ந்ததும் நன்றாக இருக்கும். பழைய செம்புக் கம்பி மெல்லியது கிடைத்தால் அதைச் சுற்றுங்கள், கோடு விழும். நான் கண்ணாடி போல வழவழப்பாகத் தேய்த்த பானையில் மட்டும்தான் இதையெல்லாம் செய்வேன். சொரசொரப்பான பானையில் எல்லாம் அழுக்காகத்தான் தெரியும்.

எல்லோரும் நினைவில் வையுங்கள்: குழியில் சுட்டது தண்ணீர் கசியும். இதில் குழம்பு வைக்க வேண்டாம், செம்பு போட்டிருந்தால் சாப்பாட்டுப் பொருள் எதுவும் வேண்டாம். என்னிடம் வாங்கியவர் ஒருவர் பூ வைக்கத் தண்ணீர் ஊற்றி மேசையைக் கெடுத்துக்கொண்டு என்னைத் திட்டினார். அன்று முதல் அடியில் சீட்டு ஒட்டித்தான் தருகிறேன்.

சந்தைவழி

மேலே இருக்கிற பதிவுகளை நேற்று இரவு அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. எங்கள் வீட்டில் அப்பா சக்கரம் சுற்றுவார், சூளை அடுக்குவது அம்மா. அப்பாவை எல்லோருக்கும் தெரியும். அம்மா அடுக்குவதை நான்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை, இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அம்மா சொன்னது: "கறுப்புச் சட்டி வேண்டும் என்று கேட்டால் செய்து கொடுத்திருக்கிறோமே, உனக்கு மறந்துவிட்டதா?" குழம்புச் சட்டி சிலருக்குக் கறுப்பாகத்தான் வேண்டுமாம். சூளை நன்றாகப் பிடித்து, விறகு தணலாகும் நேரத்தில், ஈரமில்லாத சருகை அள்ளிப் போட்டு, புகை போகும் ஓட்டையை எல்லாம் சேற்றால் மெழுகிவிடுவார்களாம். ஆக, அப்பா கழித்தது கேட்காமல் வந்த கறுப்பை. கேட்டு வந்த கறுப்பை விற்றிருக்கிறார். என் முதல் பதிவைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சொன்னார். பெரிய பானைக்குள் சின்னச் சட்டியைக் கவிழ்த்து அடுக்கினால் சின்னதுக்கு ஒரு பக்கம் கறுப்பு விழும். அது கூடாது என்பதற்காகவே இடையில் ஓட்டுச் சில்லு வைத்துக் காற்றுக்கு வழி விடுவார்களாம். நீங்கள் அந்தச் சில்லை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் என்கிறார்.

குழிமண்

அண்ணா, அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மூன்று நாளாக இதையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ஆடிக் காற்று அடங்கட்டும், மறுபடி வைக்கிறேன்.

குழிமண் – ஐந்து வாரம் கழித்து

வைத்துவிட்டேன். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏழு பானைகள். வனைந்து இரண்டு நாள் நிழலில் விட்டு, விரலால் அழுத்தினால் பள்ளம் விழாது, நகம் பட்டால் கீறல் விழும் என்ற பதத்தில் செம்மண் கரைசல் பூசி, தென்பெண்ணையில் பொறுக்கிய கூழாங்கல்லால் தேய்த்தேன். ஒரு பானைக்கு இரண்டு மணி நேரம். முன்பு சூளையில் அதிகச் சூட்டில் சுட்டு வாங்குவேன். இந்த முறை குறைந்த சூட்டில் எடுக்கச் சொன்னேன். சூடு ஏறினால் துளை அடைந்து புகை பிடிக்காது, தேய்த்த பளபளப்பும் மங்கிவிடுகிறது.

இந்த முறை குழியை ஆழமாக்கவில்லை, ஓர் அடிதான். முந்தைய வாரம் மழை பெய்திருந்ததால் முதல் நாள் வெறும் குழியில் விறகு எரித்து மண்ணைக் காயவைத்தேன். அடியில் மரத்தூள். ஒவ்வொரு பானைக்குள்ளும் மரத்தூளும் உமியும் அழுத்தி நிரப்பி, வாயைக் கவிழ்த்து, நான்கு விரல் புதையும்படி வைத்தேன். விளிம்பு ஒன்றுகூட உடையவில்லை. மரத்தூள் மெத்தை போல இருக்கிறது. மேலே நேரடியாக விறகு படாமல் பெரிய உடைந்த ஓடுகளைச் சாய்த்து, அதற்கு மேல் வரட்டி.

எரிபொருளில் ஒரு புதுச் சோதனை. நம் ஊரில் மாம்பழக்கூழ் ஆலைகளில் பருவத்தில் தோத்தாபுரிக் கொட்டை மலையாகக் குவியும். அதில் இரண்டு மூட்டை வாங்கி மொட்டை மாடியில் ஒரு மாதம் காயவைத்திருந்தேன். விறகுக்கு நடுவே போட்டேன். ஓடு கெட்டி, பருப்பில் எண்ணெய் இருக்கிறது. மெதுவாகப் பிடித்து நெடுநேரம் தணலாக நிற்கிறது. புகையும் அடர்த்தி. எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. சரியாகக் காயாத சில கொட்டைகள் வெடித்துச் சிதறின, சட்டையில் ஓட்டை.

மாலை 5 மணிக்குத் தீ. பக்கத்துத் தோட்டத்துக்காரர் தம் வைக்கோல் போரைக் காட்டி ஒரு மணி நேரம் என்னோடு சண்டை. அவர் சொல்வதிலும் நியாயம் இருந்ததால் இரண்டு குடம் தண்ணீரோடு அவரையே காவலுக்கு உட்கார வைத்தேன். கடைசியில் அவர்தான் என்னைவிட ஆர்வமாகக் கிளறிக்கொண்டிருந்தார். 8 மணிக்குத் தகரம் போட்டு, சுற்றிலும் ஈர மண் அடைத்து, புகை கசியும் இடமெல்லாம் கையால் மெழுகினேன்.

இனி கணக்கு. பொறுமை இல்லாமல் காலை 6 மணிக்கு ஒரு மூலையைத் திறந்தேன். கை வைக்க முடியாத சூடு. "டிக்" என்று ஒரு சத்தம். ஓரத்துப் பானையில் கழுத்தைச் சுற்றி மோதிரம் போல விரிசல். மூடிவிட்டு மாலை வரை அந்தப் பக்கமே போகவில்லை. மீதி ஆறில் மூன்று முழுக் கறுப்பு. அழகுதான், கேட்டது அதுவல்ல. ஒன்று மேலே சிவப்பு, கீழே சிவப்பு, நடுவில் கறுப்பு வளையம். ஏன் என்று புரியவில்லை. இரண்டு, இரண்டே இரண்டு, நான் பார்த்த அந்த ஓடு. உள்ளே கறுப்பு, விளிம்பில் கறுப்பு, வயிறு சிவப்பு, நடுவில் மை ஊறிய அந்தக் கரை.

படங்கள் போட்டிருக்கிறேன். மூன்றாவது படம் அந்த வளையப் பானை.

வாழைத்தார்

இரண்டாவது படத்தைக் கைபேசி முகப்பில் வைத்துவிட்டேன்.

கரியடுப்பு

முழுக் கறுப்பு மூன்றையும் குறைத்துப் பேசாதீர்கள். உத்தரப் பிரதேசத்தின் நிஜாமாபாத்தில் கறுப்பு முழுமையாக வருவதற்காகவே அடைத்துச் சுடுகிறார்கள், அதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அமெரிக்காவில் மரியா மார்ட்டினெஸ் என்ற பூர்வகுடிப் பெண், எரிகிற குவியலைச் சாணத்தூளால் மூடி எடுத்த கறுப்புப் பானைகள் உலகமெங்கும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. எனக்கு அந்த மூன்றில் இடது பக்கத்துப் பானைதான் எல்லாவற்றிலும் மேல். விலை சொன்னால் நானே எடுத்துக்கொள்கிறேன்.

குழிமண்

உங்களுக்கு விலை இல்லை அக்கா. ஓசூர் வரும்போது கொண்டுவருகிறேன்.

ஓட்டுச்சில்லு

அந்த வளையத்துக்கு என் ஊகம்: மரத்தூள் எரிய எரிய அமுங்கும். தொடக்கத்தில் நான்கு விரல் புதைந்திருந்த விளிம்பு, நள்ளிரவில் வெளியே வந்திருக்கும். அடியிலிருந்து கொஞ்சம் காற்று கிடைத்து விளிம்பில் பிடித்த கரி எரிந்துவிட்டது. ஆனால் அந்த ஒரு பானைக்கு மட்டும் ஏன் என்பதை நெருப்பு தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும்.

நடுகல்

அந்த இரண்டில் ஒன்றை உடைத்து உள் நிறத்தைப் பார்த்தால் ஒரே சூடா இரண்டு சூடா என்ற சண்டைக்கு உதவும்.

குழிமண்

ஐயா, இரண்டே இரண்டு இருக்கிறது. உடைப்பதாவது! விரிசல் விட்டதை வேண்டுமானால் உடைக்கிறேன்.

சந்தைவழி

அம்மா மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். ஓட்டுச்சில்லு சார் சொன்னது சரி, பானை அமுங்கியிருக்கிறது என்றார். "இது குழியின் ஓரத்தில் இருந்த பானை, அந்தப் பக்கம் தீ முதலில் பிடித்திருக்கிறது" என்றும் சொன்னார். சரியா தம்பி?

பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தூளை எதற்குக் கீழே போடுகிறான்? தூள் உள்ளே மட்டும் இருக்கட்டும். கீழே பழைய சாம்பல் போடச் சொல். சாம்பல் ஏற்கெனவே எரிந்தது, இனி அமுங்காது. சலித்த சாம்பலில் வாயைச் செருகி, சுற்றிலும் கையால் தட்டி இறுக்கினால் விளிம்புக்குக் காற்று எப்படிப் போகும்?"

குழிமண்

ஓரத்துப் பானைதான் அண்ணா. வடக்கு ஓரம். அந்தப் பக்கம்தான் தீ வைத்தேன்.

இதை நான் எங்கேயும் எழுதவே இல்லையே.

சந்தைவழி

அம்மாவிடம் சொன்னேன். "அடுக்கியவளுக்குத் தெரியாதா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

கரியடுப்பு

குழிமண், அடுத்த குழியை அரூரில் தோண்டுங்கள். நானும் வருகிறேன்.

சந்தைவழி

வாருங்கள். எங்கள் பழைய சூளைமேடு இன்னும் அப்படியே இருக்கிறது, மேலே முள் முளைத்திருக்கிறது, வெட்டிவிடலாம். சாம்பல் ஐந்து வீட்டு அடுப்பிலிருந்து சேர்த்து வைக்கச் சொல்லிவிட்டார் அம்மா. அடுக்குவது அவர்தானாம், நாம் எடுத்துக் கொடுத்தால் போதுமாம். முட்டி வலி என்று இரண்டு மாதமாகக் கோவிலுக்குக்கூடப் போகாதவர்.

குழிமண்

வரும் ஞாயிறு அண்ணா? தர்மபுரியில் இறங்கி மாறினால் போதுமா?

சந்தைவழி

போதும். ஞாயிறு எனக்கு விடுமுறை, நிலையத்துக்கு வண்டி கொண்டு வருகிறேன். பானைகளை வைக்கோல் சுற்றி எடுத்து வாருங்கள். அந்த மாங்கொட்டையும் ஒரு மூட்டை வேண்டும். அம்மாவுக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை, ஆனால் எரிவதைப் பார்க்க வேண்டுமாம்.